நூலுக்கும் உண்டு பாலாலயம்

திருக்கோயில் திருப்பணி தொடங்கும்போது மூலமூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்திலோ அத்திப் பலகையிலோ ஏற்றி, வேறோர் இடத்தே சிறு கோயில் அமைத்து, அங்கே நித்திய பூசை குறைவின்றி நடத்துவர். அதனைப் பாலாலயம் என்பர். பெருங்கோயில் பழுதுற்றுக் கிடக்கும் நாளெல்லாம் அச்சிறு கோயிலே ஊர்க்கு உயிராய் நிற்கும். திருப்பணி முற்றியபின் அட்டபந்தனம் சாத்தித் திருக்குடமுழுக்காட்டி, மீண்டும் மூலத்தானத்தே எழுந்தருளச் செய்வர். இதோ இந்த மலரைக் கையிற் கொண்ட அன்பர்கள் அனைவரும் இக்கிரியைகளைக் கண்ணாரக் கண்டு களித்தவர்களே.

நூல்களுக்கும் இவ்வாறு ஒரு பாலாலயம் உண்டு என்பதை உணர்த்துதலே இக்கட்டுரையின் கருத்தாகும். பிறந்த நாட்டில் மறைந்து, பிறிதொரு நாட்டில் அடைக்கலம் புகுந்து, பல நூற்றாண்டுகளுக்குப் பின் மீண்டும் உலகிற்கு வெளிப்பட்ட ஒரு பெருநூலின் வரலாறு அதனை நன்கு விளக்கும். அந்நூல் அபிநவகுப்தர் இயற்றிய ‘அபிநவபாரதி’ என்னும் நாட்டிய சாத்திர உரை.

தஞ்சையில் முதலாம் இராசராச சோழன் எடுப்பித்த திருக்கற்றளியின் விமானத்தில் வைத்தற்கென்று அம்மன்னன் பொற்றகடு போர்த்த செப்புக் குடத்தை அளித்தது அவனது 25ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1010இல் ஆகும். அதே காலத்தில், பாரத நாட்டின் வடகோடியில், பனிமலை சூழ்ந்த காச்மீரத்தில் ஒரு சைவப் பெரியார் தம் ஞானநூல்களை எழுதிக் கொண்டிருந்தார். அவர்தம் பேருரைகளுள் ஒன்றாகிய ஈசுவரப் பிரத்தியபிஞ்ஞா விவிருதி விமரிசினி கலியாண்டு 4115இல், அதாவது 1014–15இல் நிறைவுற்றது என்று அவரே குறித்துள்ளார். தெற்கே கல்லாலாகிய கோயில். வடக்கே சொல்லாலாகிய கோயில். இரண்டும் சிவபெருமானுக்கே உரியன. ஆயினும் இரண்டின் வரலாறும் ஒன்றாக இல்லை.

அபிநவகுப்தரின் முன்னோர் காச்மீரத்தவர் அல்லர். கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட நாட்டில் வாழ்ந்த அத்திரிகுப்தர் என்னும் அறிஞரை, 8ஆம் நூற்றாண்டில் ஆண்ட இலலிதாதித்தன் என்னும் காச்மீர வேந்தன் தன் நாட்டிற்கு அழைத்துச் சென்று குடியேற்றினான். அம்மரபில் வராககுப்தரின் மகனாகிய நரசிம்மகுப்தருக்கும் விமலை என்னும் அம்மையாருக்கும் மகவாய்த் தோன்றியவரே அபிநவகுப்தர். இளமையிலேயே அன்னையை இழந்தார். இலக்கணத்தைத் தந்தையாரிடமே பயின்றார். பிரத்தியபிஞ்ஞா தரிசனத்தை இலட்சுமணகுப்தரிடமும், குல மார்க்கத்தைச் சம்புநாதரிடமும், துவனி இலக்கணத்தைப் பட்டேந்துராசரிடமும், நாட்டிய சாத்திரத்தைப் பட்டதௌதரிடமும் கேட்டார். ஒரு குருவினிடம் நில்லாது பலரை நாடிச் சென்று கற்றதை அவர் பெருமையாகவே கூறுகின்றார். மலர்தோறும் சென்று தேன் கொள்ளும் வண்டினை இவ்விடத்து நினைதல் தகும்.

அவர் இயற்றிய நூல்களை மூவகையாகப் பகுத்துக் காணலாம். தந்திராலோகம், தந்திரசாரம், பரமார்த்தசாரம், பிரத்தியபிஞ்ஞா நூலுக்குரிய இரு விமரிசினிகள் முதலியன தத்துவ நூல்கள். இவற்றுள் தந்திராலோகம் 37 பகுதிகளையுடைய பெருநூல். ஆனந்தவர்த்தனர் 9ஆம் நூற்றாண்டில் இயற்றிய துவனியாலோகத்திற்கு எழுதிய ‘உலோசனம்’ என்னும் உரை கவிதையியல் பற்றியது. பரத முனிவரின் நாட்டிய சாத்திரத்திற்கு எழுதிய அபிநவபாரதி கூத்தியல் பற்றியது. இவையேயன்றி 990–91இல் கிரம தோத்திரமும், 992–93இல் பைரவ தோத்திரமும் பாடியுள்ளார். தத்துவம், கவிதை, கூத்து ஆகிய மூன்று துறைகளிலும் முதல்வரிசை நூல்களை ஒருவரே இயற்றியது அரிதினும் அரிது.

தத்துவ ஞானி ஒருவர் கூத்தாட்டு நூலுக்கு ஏன் உரை வகுத்தல் வேண்டும் என்று சிலர் ஐயுறலாம். நடராசப் பெருமானை வழிபடும் நமக்கு அவ்வையம் எழுதற்கு இடமில்லை. சைவ தத்துவங்கள் 36. அபிநவகுப்தர் கைக்கொண்ட நாட்டிய சாத்திரப் பாடத்தின் இயல்களும் 36. அவர் ஒவ்வோர் இயலின் தொடக்கத்திலும் ஒவ்வொரு தத்துவ வடிவாய் நிற்கும் சிவத்தை வணங்கி உரையைத் தொடங்குகின்றார். ஆகவே கூத்தநூல் முழுதும் அவர்க்குத் தத்துவப் படிவரிசையாகவே தோன்றிற்று என்க.

நாடகம் காண்பவன் எய்தும் சுவை யாது, அஃது எங்கே உளது என்னும் வினாவே அவ்வுரையின் உயிர்நிலை. பட்டலொல்லடர் என்பார், இராமன் முதலிய பாத்திரங்களின்பால் உள்ள உணர்ச்சி மிக்கு வளர்ந்த நிலையே சுவை என்றார். சங்குகர் என்பார், நடிப்பவன்பால் நாம் அனுமானித்து அறிவதே சுவை என்று கூறி, சித்திரத்தில் தீட்டிய குதிரையைக் குதிரை என்றே கொள்ளுதலை உவமை காட்டினார். பட்டநாயகர் என்பார், கவிதைக்கும் கூத்துக்கும் உணர்ச்சியைப் பொதுமையாக்கும் ஆற்றல் உண்டு என்றும், அதனால் காண்போன் அதனை நுகர்கின்றான் என்றும் உரைத்தார். அபிநவகுப்தர் இம்மூவரையும் வரிசையாக நிறுத்தி ஆராய்ந்து, காண்போன் உள்ளத்தே முன்னரே வாசனையாய்ப் படிந்துள்ள உணர்ச்சியே, ‘என்னது, பிறனது’ என்னும் வேறுபாடு கழிந்து, தடையின்றித் துய்க்கப்படும்போது சுவையாகின்றது என்று முடிவு கூறினார்.

இதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு சாகுந்தலத்தின் தொடக்கத்தில் துடியந்தன் துரத்த ஓடும் மானாகும். அம்மான் அஞ்சுகின்றது. அவ்வச்சம் இன்ன இடத்தது, இன்ன காலத்தது, இன்ன மானினது என்னும் வரையறைகள் நம் நெஞ்சில் நில்லாது நழுவி விடுகின்றன. அச்சம் ஒன்றே எஞ்சுகின்றது. நமக்கே அச்சம் வந்ததாயின் நாம் ஓடியிருப்போம். பிறர்க்கு வந்ததாயின் வாளா இருந்திருப்போம். இரண்டுமின்றி அவையில் அமர்ந்தபடியே அதனைச் சுவைக்கின்றோம். இங்ஙனம் சுவைத்தற்குத் தடைகள் ஏழு என்று எண்ணிக் காட்டி, அவற்றுள் ஒன்று காண்போன் தன் சொந்த இன்ப துன்பங்களில் அழுந்திக் கிடத்தல் என்கின்றார். இசைக்கருவிகளின் முழக்கமும், பாட்டும், அணி செய்த அரங்கும் அத்தடையை நீக்குதற்கு அமைந்தவை. திருக்கோயிலுள் நுழையும்போது மணியோசையும் நாகசுரமும் தூபமும் தீபமும் நம் வீட்டுக் கவலையை வாயிலிலேயே நிறுத்தி விடுவதை நினைந்தால் இவ்வுண்மை இனிது விளங்கும். எண்சுவையோடு சாந்தம் என்னும் ஒன்பதாம் சுவையும் உண்டு என்று அவர் நிலைநாட்டினார். அதற்கு அடிப்படை ஆன்மாவின் மெய்ந்நிலையே என்பது அவர் துணிபு.

இவ்விடத்து ஒன்று கருதத்தக்கது. பட்டலொல்லடர், சங்குகர் ஆகியோரின் உரைகள் இன்று கிடைத்தில. பட்டநாயகரின் இருதய தர்ப்பணமும் கிடைத்திலது. அவர்கள் கொள்கைகள் இன்று நமக்குத் தெரிகின்றன என்றால், அவற்றை மறுத்த அபிநவகுப்தர் அவற்றை உள்ளவாறே எடுத்தோதினமையால்தான். நம் சித்தாந்த சாத்திரத்திலும் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் உலகாயதம் முதலிய 14 கொள்கைகளையும் முதலில் அவரவர் கூற்றாகவே நிறுத்திப் பின்னர் மறுத்தார். மறுப்பதற்கும் முதலில் காத்தல் வேண்டும். எதிர்க்கொள்கையினர் நூலைச் செல்லரிக்க விட்டவன் தன் கொள்கையின் வலிமையையும் இழந்தவனாவான்.

இளமையில் மடத்துப் பாடசாலையில் அடியேன் பயின்றபோது காச்மீர சைவம் என்பது மறுத்தற்குரிய அகச்சமயக் கொள்கைகளுள் ஒன்றாகவே எங்கட்கு அறிமுகமாயிற்று. அஃது ஒருவாற்றான் முறையே. அவர்கள் சிவம் ஒன்றே பொருள் என்றும், அச்சிவமே தன் சுதந்திரத்தால் தன்னை மறைத்துக்கொண்டு உயிராய்த் தோன்றுகின்றது என்றும் கூறுவர். நாமோ பதி, பசு, பாசம் என்னும் மூன்றும் அனாதி என்றும், மலம் என்பது அறியாமை மாத்திரமன்று, உயிரைத் தொன்றுதொட்டுப் பற்றிய ஒரு பொருள் என்றும் கொள்ளுவோம். இவ்வேறுபாடு சிறியதன்று. ஆயினும் கொள்கை வேறுபாடு கல்வித் தொடர்பை அறுத்ததில்லை என்பதற்கு வரலாறு சான்று பகர்கின்றது.

காச்மீரத்தில் அத்துவித சைவர் மாத்திரமே இருந்தாரல்லர். நாராயண கண்டரும் அவர்தம் மைந்தர் இராமகண்டரும் சித்தாந்த சைவர்களே. அவர்கள் உரைவழியைப் பின்பற்றியே 12ஆம் நூற்றாண்டில் அகோர சிவாசாரியார் தமிழகத்தில் உரைகளும் பத்ததியும் வகுத்தார். அவரது கிரியாக்கிரமத்தியோதிகை 1157இல் எழுந்தது. இன்றும் நம் குருக்கள்மார் குடமுழுக்குக் கிரியைகளுக்கு அப்பத்ததியைப் போற்றுகின்றனர். மிருகேந்திர ஆகமத்திற்கு நாராயண கண்டர் செய்த விருத்தியும், அதன்மேல் அகோர சிவாசாரியார் செய்த தீபிகையும் 1928இல் தேவகோட்டையில் அச்சேறின. இரண்டாண்டிற்குள் அம்மிருகேந்திரமே காச்மீரத்திலும் அச்சிடப்பெற்றது. வடகோடியும் தென்கோடியும் ஒரே நூலை ஏறத்தாழ ஒரே காலத்தில் பதிப்பித்த செய்தி நெஞ்சை உருக்குவதாகும்.

அபிநவகுப்தர்க்கும் தென்னாட்டிற்கும் உள்ள தொடர்பு இன்னும் அணுக்கமானது. மதுரையைச் சேர்ந்த மதுராஜர் என்னும் யோகியார் அவரைக் குருவாகப் பெற்று, குருநாத பராமரிசம் என்னும் நூலில் அவர் திருவுருவை வருணித்துள்ளார். கொடிமுந்திரித் தோட்டத்தின் நடுவே அணி செய்த மண்டபத்தில், க்ஷேமராஜர் முதலிய மாணவர் அடிக்கீழ் அமர்ந்து அவர் மொழிகளை ஏட்டில் எழுத, வீணையை மீட்டிய வண்ணம் வீற்றிருக்கும் ஆசிரியரை அதில் காண்கின்றோம். மதுராஜரின் மைந்தர் வரதராஜர் சிவசூத்திரத்திற்கு வார்த்திகம் எழுதினார். பின்னர் 1300ஆம் ஆண்டையொட்டித் தில்லையில் வாழ்ந்த மகேசுவரானந்தர், மகார்த்த மஞ்சரி என்னும் நூலைப் பிராகிருதத்தில் இயற்றி, வடமொழியில் பரிமளம் என்னும் உரையும் தாமே வகுத்தார். அவ்வுரை காச்மீர நூல்களின் மேற்கோள்களால் நிரம்பியுள்ளது. ஆக, காச்மீர ஞானத்தின் ஏடுகள் கூத்தப்பிரான் திருவடி நிழலிலும் பயிலப்பட்டன என்பது தெளிவு.

இனி அபிநவபாரதியின் கதையைக் காண்போம். காச்மீரத்தில் அரசியல் மாறுதல்கள் பல நேர்ந்தன. பழங்கூத்து மரபும் அங்கே நலிந்தது. தந்திராலோகம் முதலிய ஞான நூல்கள் பண்டிதர் இல்லங்களில் சாரதா எழுத்து ஏடுகளில் எஞ்சின. 1911இல் தொடங்கிய காச்மீர நூல்வரிசையில் தந்திராலோகம் சயரதர் உரையுடன் 1918 முதல் 1938 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. ஆயின் அபிநவபாரதியின் பதிப்பிற்கு ஆதாரமான ஏடு அங்கே கிடைத்திலது. பின் எங்கே கிடைத்தது? பாரதத்தின் மற்றொரு கோடியாகிய கேரள நாட்டில்!

கேரளத்தில் ஏன் எஞ்சிற்று என்று எண்ணிப் பார்த்தல் தகும். அங்கே கோயில் வளாகத்துள் கூத்தம்பலம் இருந்தது. சாக்கியாரும் நங்கையாரும் வடமொழி நாடகங்களைக் கூடியாட்டமாக ஆடி வந்தனர். ஆடுவோர் இருந்தமையால் ஆடல் நூலுக்கும் தேவை இருந்தது. தேவை இருந்தமையால் பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் எழுதுவோர் இருந்தனர் என்று கருதலாம். பாசகவியின் நாடகங்கள் கிடைத்ததும் இந்நிலத்திலேதான். இன்று குமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் மலையாள எழுத்தில் இருந்த பனையேட்டினைக் கண்டெடுத்து, கணபதி சாத்திரியார் 1912 முதல் அவற்றைத் திருவனந்தபுரத்தில் வெளியிட்டார். வழக்காறு உயிரோடு இருக்கும் இடத்தில்தான் நூலும் உயிரோடு இருக்கும். பூசை நடவாத கோயிலில் விளக்கு எரியாது.

அபிநவபாரதியைப் பதிப்பிக்கும் பெரும்பணியை மேற்கொண்டவர் மானவல்லி இராமகிருஷ்ண கவி. பரோடாவிலிருந்து கெய்க்வாட் கீழ்த்திசை நூல்வரிசையில் முதல் தொகுதி 1926இலும், இரண்டாவது 1934இலும், மூன்றாவது 1954இலும் வெளிவந்தன. கவியவர்கள் 1957இல் மறைந்தார். நான்காம் தொகுதி 1964இல் வெளிவந்தது. முதல் தொகுதிக்கும் நான்காம் தொகுதிக்கும் இடையே 38 ஆண்டுகள்! ஏடுகளின் நிலை அத்தகையது. எழுதியோர் பொருளுணராது எழுதிய இடங்கள் மலிந்திருந்தன. அபிநவகுப்தரே விண்ணிலிருந்து இறங்கி வந்து பார்த்தாலும் தம் பாடத்தை எளிதில் மீட்க மாட்டார் என்று நண்பர் ஒருவர் கூறியதைப் பதிப்பாசிரியரே முன்னுரையில் எடுத்துரைத்துள்ளார். அத்துணைச் சிதைவையும் கண்டு அஞ்சாது பதிப்பித்தமையே அவர் செய்த தொண்டு.

அம்முதல் தொகுதிக்குத் தமிழகமும் துணை செய்தது. நாட்டிய சாத்திரத்தின் நான்காம் இயல் 108 கரணங்களைக் கூறுவது. தில்லைக் கோபுர வாயில்களில் அக்கரணங்கள் செதுக்கப்பெற்று, அவற்றின் சுலோகங்களும் பொறிக்கப்பெற்றுள்ளன. அவ்வுருவங்களே 1926ஆம் ஆண்டுப் பதிப்பில் விளக்கப் படங்களாக இடம் பெற்றன. தஞ்சைப் பெருங்கோயில் விமானத்தின் மேல்தளச் சுற்றிலும் 81 கரணங்கள் செதுக்கப்பட்டு, எஞ்சிய கற்கள் உளிபடாமல் நிற்கின்றன. காச்மீரத்தில் உரையாக எழுந்ததும், தமிழகத்தில் கல்லாக நின்றதும், கேரளத்தில் ஏடாகக் கிடந்ததும் ஒரே புத்தகத்தில் ஒன்றுகூடின. முக்கூடல் என்று இதனையன்றோ சொல்லுதல் வேண்டும்!

இம்மீட்சியின் பயனாக எழுந்த ஆராய்ச்சி நூல்கள் பல. காந்திசந்திர பாண்டேயவர்கள் அபிநவகுப்தரின் வரலாறும் தத்துவமும் பற்றிய ஆங்கில நூலை 1935இல் வெளியிட்டார். சென்னை வே. இராகவன் அவர்கள் சுவைகளின் எண்ணிக்கை பற்றிய நூலை 1940இல் அடையாறு நூலகத்தின் வாயிலாக வெளியிட்டார். இத்தாலிய அறிஞர் ஞோலி என்பார் சுவைக் கொள்கை பற்றிய பகுதியை மொழிபெயர்த்து 1956இல் உரோமையில் வெளியிட்டார். சாந்தச் சுவை பற்றி மாசன், பட்டவர்த்தனர் என்னும் இருவர் இயற்றிய நூல் 1969இல் பூனாவில் வெளிவந்தது. இவையெல்லாம் பெரியோர் செய்த பெருநூல்கள். ஆயினும் இவற்றின் பின்னணியில், பொருளறியாமலேனும் எழுத்தாணி பிடித்து ஏட்டைப் படியெடுத்த, பெயர் தெரியாத ஒரு கேரளத்து எழுத்தனின் கை நிற்கின்றது. அவன் பிழைபட எழுதினான் என்று கற்றோர் வருந்துவர். அவன் எழுதாதிருந்தால் வருந்துதற்கும் இடமிருந்திராது.

எனினும் எல்லாம் மீண்டுவிடவில்லை. ஏழாம் இயலின் பெரும்பகுதிக்கும் எட்டாம் இயலுக்கும் உரையேடு கிடைத்திலது. எட்டாம் இயல் தலை, கண், புருவம் முதலியவற்றின் அபிநயத்தைக் கூறுவது. நடனம் பயிலும் சிறுமி முதலில் கற்பது அவற்றையே. அவ்விடத்து அப்பேராசிரியர் என்ன சொன்னார் என்பது மறைந்தொழிந்தது. அவர்தம் ஆசிரியர் பட்டதௌதரின் காவிய கௌதுகமும், அதற்கு இவர் செய்த விவரணமும் மறைந்தன. ஆனால் ஏழாம் இயலுரையின் ஒரு பகுதி எங்கே அகப்பட்டது தெரியுமா? கற்பலதா விவேகம் என்னும் நூலில் அஃது எடுத்தாளப்பட்டிருத்தலைக் குல்கர்ணி என்னும் அறிஞர் கண்டு காட்டினார். அதுவோ கூர்ச்சர நாட்டுச் சமணரிடையே வழங்கிய நூல்! 12ஆம் நூற்றாண்டில் அந்நாட்டில் வாழ்ந்த ஏமசந்திரர் என்னும் சமண ஆசிரியரும் தம் காவியானுசாசனத்தில் அபிநவபாரதியின் சுவைப்பகுதியை நெடுகப் பெயர்த்து எழுதியுள்ளார். பிழைபட்ட ஏட்டைத் திருத்துதற்கு அதுவே பெருந்துணையாயிற்று. சைவர் எழுதிய நூலைச் சமணர் காத்தனர். கல்விக்கு மதில் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவ்வரலாற்றால் நாம் பெறும் படிப்பினை யாது? அட்டபந்தன மருந்து காலப்போக்கில் தளரும் என்பதனால்தான் பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு வகுத்தனர் நம் முன்னோர். பனையேடும் அவ்வாறே செல்லுக்கும் புழுவுக்கும் இரையாவது. அதனைப் படியெடுத்தலே அதற்குக் குடமுழுக்கு. ஆனால் அப்படியெடுக்கும் வழக்கம் நின்றபின், ஆடிப்பெருக்கன்று பழைய ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கம் ஒன்று நம்மிடையே தோன்றிற்று. அதனால் நாம் இழந்தவை எத்துணை என்று யாரால் அளவிட இயலும்? இன்று அப்பழி நீங்கிற்று என்று நாம் மகிழ்தற்கும் இல்லை. 1920களில் நகரத்தார் முதலிய அன்பர்கள் பெரும்பொருள் செலவிட்டு அச்சிட்ட ஆகமப் பதிப்புகளின் தாள்கள், தொட்டால் பொடியாகும் நிலையை அடைந்துவிட்டன. பனையேடு முந்நூறாண்டு தாங்கும். அத்தாள் ஒரு நூறாண்டு தாங்குவதும் அரிதாயிற்று.

ஆதலின் இத்திருக்குடமுழுக்கு நன்னாளில் அன்பர்கட்கு அடியேனது விண்ணப்பம் ஒன்றுண்டு. திருக்கோயில் மதிலையும் கோபுரத்தையும் புதுக்கிய அதே அன்போடு, உங்கள் இல்லங்களில் பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் ஏடுகளையும் பழைய அச்சு நூல்களையும் எடுத்துப் பாருங்கள். அவை நம் கொள்கைக்கு உடன்பட்டனவோ, மாறுபட்டனவோ என்று நோக்க வேண்டா. பொருள் விளங்குகின்றதா, இல்லையா என்றும் தயங்க வேண்டா. படம் பிடித்துக் காக்க வல்ல நூலகத்திடமோ ஆராய்ச்சி நிலையத்திடமோ சேர்ப்பியுங்கள். அவற்றுள் எந்த ஏட்டில், எந்நாட்டு ஞானியின் எட்டாம் இயல் அடைக்கலம் புகுந்திருக்கின்றதோ, யார் அறிவார்? கேரளத்து எழுத்தனும் தன் கையில் இருந்தது இன்னதென்று அறிந்திருக்க மாட்டான். மூலமூர்த்தி திரும்ப எழுந்தருளும் நாள் வரையில் பாலாலயத்து விளக்கை அணையாது காத்தலே நமது கடமையாகும்.

கூத்தப்பிரான் திருவருளால் இத்திருக்கோயில் நீடு வாழ்க! நூலும் நூல் காப்போரும் வாழ்க!

திருச்சிற்றம்பலம்.